60 மெகாவாட், 120 கிலோமீட்டர்: எத்தனை கிலோவோல்ட்?

வாசகர் கேள்வி, 4 ஜூன் 2023

"மலைமேல் 60 மெகாவாட் புனல் மின்நிலையம். சமவெளியில் இருக்கும் சப்ஸ்டேஷன் 120 கிலோமீட்டர் தூரம். இரண்டுக்கும் நடுவில் லைன் வடிவமைக்க வேண்டும், கடைசி வருட புராஜெக்ட். வோல்டேஜை ஏற்றினால் கரன்ட் குறையும், நஷ்டம் குறையும். அதனால் 230 கிலோவோல்ட் என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் இதில் வடிவமைக்க என்ன இருக்கிறது சார்?"

4 ஜூன், இரவு 9.50

தம்பி, உன் கடைசி வரிக்குப் பதில் சொல்லாமல் இன்றைக்குத் தூங்க முடியாது. 31 வருடம் லைன் வேலை பார்த்தவன் நான். அதில் முதல் 11 வருடம் நீலகிரிச் சரிவுகளில். வோல்டேஜ் முடிவு ஒரு மத்தியான வேலை. மிச்சம் இருப்பதெல்லாம் நடந்துதான் வடிவமைக்க வேண்டும்.

சரி, முதலில் அந்த மத்தியான வேலையை முடிப்போம். ஸ்டில் சூத்திரம் என்று பழைய வழி ஒன்று உண்டு. கிலோமீட்டரை 1.6ஆல் வகு, கிலோவாட்டை 100ஆல் வகு, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடு, 5.5ஆல் பெருக்கு. உன் கணக்குக்கு 75 + 600 = 675. வர்க்கமூலம் 26. விடை ஏறக்குறைய 143 கிலோவோல்ட்.

இங்கேதான் சிக்கல். வடக்கே என்றால் 132 இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தமிழ்நாட்டில் 110, அதை விட்டால் 230. 143 இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. அதனால் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பவர் ஃபேக்டர் (ஓடும் கரன்ட்டில் உபயோகமாகும் பங்கு) 0.9 என்று வைத்தால் 110இல் 350 ஆம்பியர், 230இல் 167 ஆம்பியர். 110க்கு ஒற்றை சர்க்யூட், அதாவது மூன்று கம்பி கொண்ட ஒரே சுற்று, பேந்தர் என்ற வகை கண்டக்டரில் (மின்கம்பி) போட்டால் மின்தடை கிலோமீட்டருக்கு 0.139 ஓம், 120 கிலோமீட்டருக்கு 16.7 ஓம். நஷ்டம் 6.1 மெகாவாட். உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போகும். 230க்கு அதைவிடப் பருத்த ஸீப்ரா கண்டக்டர் போட்டால் 0.7 மெகாவாட். 110இலேயே இரட்டை சர்க்யூட், அதாவது ஒரே டவரில் இரண்டு தனிச் சுற்று என்றால் 3.1 மெகாவாட்.

ஆக நீ எழுதியது தவறில்லை. ஆனால் அத்தோடு முடியவில்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

5 ஜூன், காலை 6.15

நேற்றுப் போட்ட கணக்கில் ஒரு திருத்தம். 0.139 என்பது 20 டிகிரி வெப்பநிலையில் உள்ள மதிப்பு. 350 ஆம்பியர் ஓடும் கம்பி வெயிலில் 20 டிகிரியில் இருக்காது. 65 டிகிரி என்று வைத்தால் ஓம் 18 சதவீதம் கூடும், 6.1 என்று சொன்னது 7.2 ஆகும். ஒற்றை சர்க்யூட் 110 அதோடு ஆட்டத்தை விட்டுப் போகிறது. மற்ற இரண்டிலும் கரன்ட் குறைவு, கம்பி அவ்வளவு சூடாகாது, சிறு மாற்றம்தான். இரட்டை சர்க்யூட்டுக்கு 3.2 என்று எழுதிக்கொள்.

5 ஜூன், இரவு 10.20

மேட்டூர் நண்பர் கேட்டது சரியான கேள்வி: "அந்த மெஷின்கள் 24 மணி நேரமும் முழு லோடில் ஓடுமா?"

ஓடாது. மலை அணையில் தண்ணீர் சேமிப்பு. பெரும்பாலும் சாயங்கால உச்ச நேரத்துக்குத்தான் திறப்பார்கள். நாளுக்கு 5 மணி நேரம் முழு உற்பத்தி என்று வைப்போம். இரட்டை 110இன் 3.2 மெகாவாட் நஷ்டம் வருடத்துக்கு 58 லட்சம் யூனிட். அதே லைன் நாள் முழுக்க ஓடியிருந்தால் 2 கோடியே 80 லட்சம். 230இல் 5 மணி நேரக் கணக்குக்கு 13 லட்சம் யூனிட். ஆக வித்தியாசம் வருடம் 45 லட்சம் யூனிட். அந்தப் பணம், 230க்கு ஆகும் கூடுதல் இரும்பு, கூடுதல் அகலம், இரண்டு முனையிலும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் வருடாந்தரச் செலவை ஈடுகட்டுமா என்பதுதான் கேள்வி. இயற்பியலாளர் கெல்வின் 1881இல் கம்பிப் பருமனுக்குச் சொன்ன அதே நியாயம். நஷ்டத்தின் விலையையும் முதலீட்டின் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

புனல் நிலையத்து லைனும் அனல் நிலையத்து லைனும் இந்த ஒரு இடத்தில் அடியோடு வேறு. முழு லோடு நஷ்டத்தை மட்டும் பார்த்து வோல்டேஜை ஏற்றக்கூடாது. நேற்று நானே அப்படித்தான் பார்த்தேன்.

7 ஜூன், மதியம்

"அந்தக் காலத்தில் இதெல்லாம் கணக்குப் போட்டா செய்தார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தார்கள். நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: சிவசமுத்திரம்.

மைசூர் சமஸ்தானத்தில், காவிரி அருவியில், 1902 ஜூன் 30 அன்று நிலையம் ஓடத் தொடங்கியது. ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர் முன்னின்று செய்த வேலை. திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டியவர் திவான் சேஷாத்ரி ஐயர். 720 கிலோவாட் மெஷின்கள் ஆறு. லைன் போன இடம் கோலார் தங்கவயல், 147 கிலோமீட்டர். 30 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், 25 ஹெர்ட்ஸ். அன்றைக்கு உலகிலேயே நீளமான லைன் அதுதான்.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கவயல் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான், வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போனவர்கள். லைனைத் தாத்தா "சிவசமுத்திரம்" என்றே சொல்வார். கரன்ட் போனால் வீட்டில் யாரும் கரன்ட் போச்சு என்று சொல்ல மாட்டார்களாம். "சிவசமுத்திரம் நின்னு போச்சு" என்பார்களாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெங்களூர் அருவிக்கு இன்னும் கிட்டே இருக்கிறது. ஆனால் பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905 ஆகஸ்ட்டில், தங்கவயலுக்கு மூன்று வருடம் பின்னால். சுரங்கம் நாள் முழுக்க ஒரே சீராக மின்சாரம் இழுக்கும், மாதம் தவறாமல் பணமும் கட்டும். அப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்ததால்தான் அவ்வளவு நீளக் கம்பிக்குச் செலவு செய்யத் துணிந்தார்கள். தம்பி, உன் 60 மெகாவாட் எந்த லோடுக்குப் போகிறது என்று புராஜெக்ட்டில் எழுதியிருக்கிறாயா?

8 ஜூன், காலை 7.05

நேற்று "உலகிலேயே நீளமான லைன்" என்று எழுதியது தவறு. சிறு வயதிலிருந்து கேட்டே பழகிய வாக்கியம், சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

1891இலேயே ஜெர்மனியில் லௌஃபனிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர், 15 ஆயிரம் வோல்ட் மூன்று ஃபேஸ் லைன் போட்டார்கள். நெக்கர் ஆற்றுத் தண்ணீரில் எடுத்த மின்சாரம். கண்காட்சிக்காகப் போட்டது, நிலையான லைன் அல்ல. ஆனாலும் நான்கில் மூன்று பங்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. மூன்று ஃபேஸ் மின்சாரத்தைத் தொலைதூரம் கொண்டுபோக முடியுமா என்ற சந்தேகம் அங்கேதான் தீர்ந்தது.

அப்புறம் 1901இல் கலிஃபோர்னியா. யூபா ஆற்றின் கால்கேட் மின்நிலையத்திலிருந்து ஓக்லாந்துக்கு 220 கிலோமீட்டருக்கு மேல். அந்த லைன் கார்கீனஸ் ஜலசந்தியை ஒரே தாண்டலில் கடந்தது, தாண்டலின் நீளம் ஏறக்குறைய 1,350 மீட்டர். கப்பலின் பாய்மரம் அடியில் போக வேண்டும் என்பதற்காகக் கம்பியை நல்ல உயரத்தில் கட்டினார்கள். கையால் கணக்குப் போட்டு, எஃகு வடத்தை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

சிவசமுத்திரத்தின் பெருமை நீளத்தில் இல்லை என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. ஆற்றில் கோடையில் தண்ணீர் குறையும், சுரங்கத்தின் தேவையோ குறையாது. லைன் போட்டபின் அந்த நெருக்கடி வந்தது. கிருஷ்ணராஜசாகர் அணையை 1911இல் கட்டத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு லைன் தன் மேல்முனைக்கு ஒரு அணையையே வரவழைத்திருக்கிறது.

8 ஜூன், இரவு

நீலகிரியின் பைகாரா புனல் மின்நிலையம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 1932இல் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து கோவைக்கு வந்தது 66 கிலோவோல்ட். கோவை மில்கள் பெருகியதில் அந்த லைனுக்குப் பெரிய பங்கு உண்டு.

11 ஜூன், ஞாயிறு

"நடந்துதான் வடிவமைக்க வேண்டும்" என்று முதல் நாள் சொன்னதற்கு விளக்கம் கேட்டிருந்தாய். உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். மலையில் 110 லைன் ஒன்று. சர்வே முடிந்து நிலத்தின் நெடுக்குவெட்டுப் படம் நீளமான தாளில் இருக்கும். அதன் மேல் செல்லுலாய்டில் வெட்டிய தொய்வு வளைவை வைத்து நகர்த்தி நகர்த்தி டவர் இடங்களைக் குறிப்போம். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது, ஆனால் செய்வது அதே வேலைதான்.

அந்தச் செல்லுலாய்டில் இரண்டு வளைவு உண்டு. ஒன்று வெப்ப வளைவு. கம்பி நன்றாகச் சூடாகி, நீண்டு, அதிகமாகத் தொய்யும்போது தரைக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அதில் பார்க்க வேண்டும். 110க்கு 6.1 மீட்டர் கட்டாயம். இன்னொன்று குளிர் வளைவு. கம்பி சுருங்கி விறைக்கும்போது எப்படி நிற்கும் என்று காட்டும்.

சமவெளியில் குளிர் வளைவை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் எங்கள் அணியும் வெப்ப வளைவை மட்டும் வைத்துப் பார்த்தது. ஒரு ஓடை, இரண்டு பக்கமும் மேடு. ஓடைக்கரையில் நல்ல சமதளமான இடம், அஸ்திவாரம் தோண்ட வசதி, பக்கத்திலேயே பாதை. அங்கே ஒரு ஏ டைப் டவர் குறித்தோம். ஏ டைப் என்றால் நேர்கோட்டில் கம்பியைத் தாங்க மட்டும் செய்வது, 2 டிகிரிக்கு மேல் திருப்பம் தாங்காது. டிஸ்க்குகளைக் கோத்த இன்சுலேட்டர் சரம், டவரின் குறுக்குக் கையான கிராஸ் ஆர்மிலிருந்து செங்குத்தாகத் தொங்கும். கம்பியின் எடைதான் அதைக் கீழே இழுத்து நிறுத்துகிறது.

கம்பி இழுத்தது ஏப்ரலில். எல்லாம் அழகாக இருந்தது. ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு விடியற்காலை லைன்மேன் ஒருவர் மூச்சிரைக்க வந்து, "சார், அந்த ஓடை டவர்ல டிஸ்க் தொங்கல, நிக்குது" என்றார்.

போய்ப் பார்த்தேன். புல்லெல்லாம் வெள்ளை. டவர் கால்களில் பனி ஈரம். அண்ணாந்து பார்த்தால், செங்குத்தாகத் தொங்க வேண்டிய சரம் சாய்ந்து, மேல்நோக்கி வளைந்து, கிராஸ் ஆர்ம் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. குளிரில் கம்பி சுருங்கி, இரண்டு மேட்டு டவர்களுக்கும் நடுவே நேராக நிற்கப் பார்க்கிறது. ஓடை டவர் அந்த நேர்கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் தாங்க வேண்டிய டவரையே கம்பி மேலே இழுக்கிறது. வெயில் ஏறி ஒன்பதரை மணிக்கெல்லாம் சரம் மெல்ல இறங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி தொங்கியது. கீழே நின்று முழுவதையும் பார்த்தேன். டிஸ்க்குகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கம்பி அன்று டவரைத் தொடவில்லை. இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் காற்று இடைவெளி போதாமல் லைன் டிரிப் ஆகி நின்றிருக்கும். முதலில் சரத்தின் அடியில் கம்பியைப் பிடிக்கும் கிளாம்பில் எடை கட்டித் தொங்கவிட்டோம். அடுத்த வருடம் அந்த டவரை எடுத்துவிட்டு, எதிர்ச்சரிவில் சற்று மேலே இழுவிசை தாங்கும் டவர் போட்டோம். அங்கே பாதை கிடையாது. கம்பியைப் பிரித்து மறுபடி கட்டி, கல், மணல், சிமென்ட், டவர் கோணங்கள் எல்லாவற்றையும் தலைச்சுமையாக ஏற்றினார்கள். நான் மேஜைமேல் ஐந்து நிமிடம் இன்னொரு வளைவை வைத்துப் பார்த்திருந்தால் அத்தனை பேருடைய முதுகுக்கும் வேலை வந்திருக்காது. அது இன்றும் உறுத்துகிறது.

12 ஜூன், காலை

தொய்வுக் கணக்கு கேட்டிருக்கிறாய். கம்பியின் ஒரு மீட்டர் எடையை ஸ்பானின் (இரண்டு டவருக்கு நடுவிலுள்ள தூரம்) வர்க்கத்தால் பெருக்கி, இழுவிசையின் எட்டு மடங்கால் வகு. பேந்தர் மீட்டருக்கு 0.974 கிலோ. 300 மீட்டர் ஸ்பான், 1,500 கிலோ இழுவிசை என்றால் 7.3 மீட்டர். அதே இழுவிசையில் பள்ளத்தாக்கை 700 மீட்டரில் தாண்டினால் 40 மீட்டர். ஸ்பான் இரண்டேகால் மடங்குக்குக் கொஞ்சம் மேல், தொய்வோ ஐந்தரை மடங்கு.

ஆனால் மலையில் 40 மீட்டர் தொய்வு பயமில்லை, அடியில் 150 மீட்டர் பள்ளம் இருக்கும். அங்கே பயம் வேறு. அவ்வளவு நீளக் கம்பி காற்றில் பக்கவாட்டில் ஆடும், ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி போதாது. இன்னொன்று, மெல்லிய சீரான காற்றில் கம்பி உள்ளுக்குள் அதிரும். கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்த பிறகுதான் தெரியும். கம்பியில் சிறு டம்பெல் மாதிரி தொங்குவதைப் பார்த்திருப்பாய், அது ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர். அந்த அதிர்வைத் தின்பதுதான் அதன் வேலை. நீள ஸ்பானில் எண்ணிக்கையைக் கூட்டிப் போடு.

15 ஜூன்

லோடு இல்லாத நீள லைனில் வரும் ஃபெராண்டி விளைவால் மறுமுனையில் வோல்டேஜ் ஏறாதா என்று கேட்டவருக்கு: 120 கிலோமீட்டரில் ஏற்றம் ஒரு சதவீதம்கூட வராது. பாடத்தில் பக்கம் பக்கமாக இருப்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறோம். ஸ்வீடனில் வட கோடியிலிருந்த ஹார்ஸ்ப்ராங்கெட் நிலையத்திலிருந்து 1952இல் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு 380 கிலோவோல்ட் லைன் போட்டார்களே, அந்த நீளத்தில்தான் அது பெரிய தலைவலி.

18 ஜூன், இரவு

இத்தனை நாள் எழுதியதில் மின்நிலையத்தை மறந்தே போனேன். லைன் டிரிப் ஆனால் மேலே மெஷினுக்கு என்ன ஆகும்?

மலை நிலையங்களில் தண்ணீர் பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து பென்ஸ்டாக் குழாயில் இறங்குகிறது. அது பீச்சியடிக்கும் வேகத்தில் பெல்டன் சக்கரம் முழு வேகத்தில் சுற்றுகிறது. அந்த நேரத்தில் லைன் போனால் லோடு ஒரு நொடியில் காணாமல் போகும், சக்கரம் வேகம் பிடிக்கும். தண்ணீரை உடனே அடைக்கவும் முடியாது, அடைத்தால் குழாய்க்குள் அழுத்தம் எகிறி குழாயே வெடிக்கலாம். அதனால் தகடு ஒன்று குறுக்கே வந்து தண்ணீர்ப் பீச்சலைச் சக்கரத்திலிருந்து சட்டென்று திருப்பிவிடும். அப்புறம் ஊசி வால்வு நிதானமாக மூடும். அந்த நிமிடம் மெஷின் கூடத்தில் நின்றிருக்கிறேன். சத்தம் ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, இறங்கும். அதுவரை யாரும் பேச மாட்டார்கள்.

ஒரே சர்க்யூட் 230 என்றால் ஒவ்வொரு இடிக்கும் நிலையம் முழுவதும் இதை அனுபவிக்கும். இரட்டை சர்க்யூட் என்றால், ஒன்று போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். முதல் நாள் நஷ்டத்தை மட்டும் எண்ணி 230 பக்கம் சாய்ந்தேன். 5ஆம் தேதி மேட்டூர் நண்பர் சொன்னதில் பாதி மாறினேன். இப்போது முழுக்க மாறிவிட்டேன்: இரட்டை சர்க்யூட் 110.

19 ஜூன்

"இரண்டும் ஒரே டவரில்தானே நிற்கிறது, இடி விழுந்தால் இரண்டும் போகாதா?" நல்ல அடி. போகலாம். இடி, டவர் உச்சியில் ஓடும் எர்த் வயரில் விழுந்து டவர் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். டவர் காலடியில் ஓம் அதிகமாக இருந்தால் டவரின் வோல்டேஜே எகிறி, அங்கிருந்து கம்பிக்குப் பாயும், சில சமயம் இரண்டு சர்க்யூட்டுக்கும். மலை பாறை நிலம், ஓம் தானாக இறங்காது. 10 ஓமுக்குக் கீழே கொண்டுவர, காலிலிருந்து துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியைப் பல பத்து மீட்டர் நிலத்தில் புதைத்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு டவராக அளந்து பார்க்க வேண்டும். "பாறை சார், வராது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. ஈரமான ஓடைப் பக்கமாகக் கம்பியை இழுத்துப் பார்.

24 ஜூன்

காடு பற்றிக் கேள்வி வந்திருக்கிறது, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். 110க்குப் பாதை அகலம் 22 மீட்டர், 220 வகைக்கு (உன் 230 இதில்தான் சேரும்) 35. உன் வழியில் 30 கிலோமீட்டர் காடு என்றால் 66 ஹெக்டேரா 105 ஹெக்டேரா என்பது இதில் முடிவாகிறது. ஷோலைக்காடு வெட்டினால் நம் ஆயுளில் திரும்ப வராது. ஆனால் படத்தில் வரும் எண் அப்படியே வெட்டும் எண் அல்ல. ஷோலைகள் பள்ளமடிப்புகளில் இருக்கும். மேட்டுக்கு மேடு தாண்டினால் கம்பி மரத்தலைக்கு எவ்வளவோ மேலே போகும், அடியில் ஒரு மரத்தையும் தொட வேண்டாம். ஓடைக்கரையில் வசதியாக இருக்கிறது என்று டவர் வைத்தால்தான் ஷோலை போகும். நாங்கள் வைத்த அந்த ஓடை டவருக்கும் மரம் வெட்டினோம். 11ஆம் தேதி எழுதியபோது அதைச் சொல்லாமல் விட்டேன்.

தைலமரத் தோப்பு வேறு கதை. அது வேகமாக வளரும், காற்றில் லைன்மேல் சாயும். அகலத்துக்கு வெளியே நிற்கும் உயர மரங்களையும் கணக்கில் எடு.

2 ஜூலை, காலை 8.30

தம்பி அனுப்பிய நெடுக்குவெட்டுப் படம் கிடைத்தது. இரட்டை சர்க்யூட் 110, 300 மீட்டர் சுமார் ஸ்பான், திருப்பங்களுக்கு பி, சி டைப் டவர், எல்லாம் பார்த்தேன். நேரில் போய் நடந்துவிட்டு வந்து வரைந்திருக்கிறாய் என்பது தெரிகிறது. பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேநீர்க்கடையைக்கூடக் குறித்திருக்கிறாய்.

14ஆவது டவர் மட்டும் ஓடைக்குக் கீழ்க்கரையில் நிற்கிறது. 13ம் 15ம் மேட்டில். குளிர் வளைவை வைத்துப் பார். எனக்கு அங்கே கம்பி மேலே இழுப்பதாகத்தான் தெரிகிறது. 14ஐ எடுத்துவிட்டு 13க்கும் 15க்கும் ஒரே தாண்டலாகப் போட முடியுமா என்று பார், இரண்டையும் இழுவிசை டவராக்கி. தாண்டல் 560 மீட்டர் வரும், தொய்வு 25 மீட்டருக்கு மேல், பள்ளம் அதைவிட நிறைய ஆழம். ஃபேஸ் இடைவெளியை மட்டும் மறுபடி சரிபார்.